க்ளிக் என்ற சின்னச் சத்தம்

கிரிக்கெட்டில் ஐம்பதாயிரம் பேர் கத்திக்கொண்டிருக்கும்போதுதான் பேட்ஸ்மேன் சிக்ஸர் அடிக்கிறார். கால்பந்தில் மேளமும் ஊதலும் ஓய்வதே இல்லை. நம் ஊர் சடுகுடுவில் சத்தம் இல்லாவிட்டால் ஆட்டம் களைகட்டாது. கோல்ஃப் மட்டும் வேறு ரகம். ஆட்டக்காரர் மட்டையை ஓங்கிவிட்டால் சுற்றி நிற்கும் ஆயிரக்கணக்கான பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்க வேண்டும். அந்த அமைதியில் ஒரு காமிராவின் 'க்ளிக்', வெடி வெடித்த மாதிரி கேட்கும். ஒரு படம் எடுத்துக்கொண்டு போகலாம் என்று வந்த சாதாரண ரசிகருக்கும் ஆட்டக்காரருக்கும் நடுவே இந்தச் சின்னச் சத்தத்தால் வந்த வம்புகள் கொஞ்சநஞ்சமல்ல. அந்தக் கதையைத்தான் இன்று எழுதப் போகிறேன். நம் வாசகர்களில் காமிராப் பைத்தியங்கள் சிலர் உண்டு என்பது எனக்குத் தெரியும்.

2002-ஆம் ஆண்டின் கடைசியில், கலிஃபோர்னியாவில் இண்டியோ என்ற ஊரில் 'ஸ்கின்ஸ் கேம்' என்று ஒரு போட்டி. நான்கே நான்கு பேர் ஆடுவார்கள். ஒவ்வொரு குழிக்கும் தனித்தனியாகப் பரிசுப் பணம். கடைசிக் குழியில் டைகர் வுட்ஸ் மணல் பள்ளத்தில் இறங்கிப் பந்தை அடிக்கிற நேரம் பார்த்து, கூட்டத்தில் ஒருவர் காமிராவை அழுத்திவிட்டார். டைகரின் மட்டைப் பையைச் சுமக்கும் கேடி, நியூசிலாந்துக்காரரான ஸ்டீவ் வில்லியம்ஸ். அவர் அந்தக் காமிராவைப் பிடுங்கிப் பக்கத்துக் குளத்தில் எறிந்துவிட்டார். அதன் விலை 7,000 டாலர் என்று பத்திரிகைகள் எழுதின. அன்றைய கணக்கில் மூன்று லட்சம் ரூபாய்க்கு மேல்! இரண்டு வருஷம் கழித்து, 2004 அமெரிக்க ஓப்பன் போட்டியில், அதே வில்லியம்ஸ் ஒரு பத்திரிகைப் புகைப்படக்காரரின் லென்ஸைக் காலால் உதைத்தார்.

யார் பக்கம் நியாயம்? அடிக்கிற நேரத்தில் க்ளிக் செய்தது தவறுதான். அதற்காக அடுத்தவர் பொருளைக் குளத்தில் போட யாருக்கும் உரிமை இல்லை. காமிராவின் அருமை தெரிந்தவன் என்பதால் நான் ஒருதலைப்பட்சமாகப் பேசுகிறேன் என்று நீங்கள் சொன்னாலும் சரி.

ஒரு க்ளிக்குக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று கோல்ஃப் பார்க்காதவர்களுக்குத் தோன்றும். பழைய எஸ்.எல்.ஆர். காமிராக்களை நினைத்துப் பாருங்கள். பட்டனை அழுத்தியதும் உள்ளே இருக்கும் கண்ணாடி மேலே எழும்பும், ஷட்டர் திரை ஓடும், கண்ணாடி திரும்ப வந்து விழும். மூன்றும் சேர்ந்து 'ட்ளக்' என்று ஒரு சத்தம். தேர்ந்த ஆட்டக்காரர் மட்டையைப் பின்னுக்குக் கொண்டுபோக ஏறக்குறைய முக்கால் விநாடி, கீழே இறக்கிப் பந்தைத் தொட கால் விநாடி. கீழே இறங்கும்போது மட்டையின் தலை மணிக்கு 180 கிலோமீட்டருக்கு மேல் வேகம் எடுக்கிறது. அந்தக் கால் விநாடியில் உடம்பு லேசாகத் திடுக்கிட்டால் போதும், பந்து புதருக்குள் போய்விடும். தொடர்ந்து இருக்கும் சத்தம் யாரையும் அவ்வளவாகத் தொந்தரவு செய்யாது. எதிர்பாராமல் வருகிற ஒற்றைச் சத்தம்தான் ஆளைக் கலைக்கும். சபாவில் வித்வான் நிரவலில் மூழ்கியிருக்கும்போது பின்வரிசையில் யாரோ எவர்சில்வர் டம்ளரைக் கீழே போட்டால் எப்படி இருக்கும்? அதுதான்.

அதனால் தொழில்முறைப் புகைப்படக்காரர்களுக்கு ஒரு எழுதாத சட்டம் உண்டு. மட்டை பந்தைத் தொட்ட பிறகுதான் பட்டனை அழுத்த வேண்டும். பழைய பத்திரிகைகளில் வந்த கோல்ஃப் படங்களைப் பாருங்கள். பெரும்பாலும் மட்டை தோளுக்குப் பின்னால் போய் முடிந்து, ஆட்டக்காரர் தூரத்தில் எதையோ பார்த்துக்கொண்டிருப்பார். பந்து படத்தில் இருக்காது. அழகுக்காக அப்படி எடுத்தார்கள் என்று வெகுநாள் நினைத்திருந்தேன். மரியாதைதான் காரணம்.

கோல்ஃப் உலகத்தின் மிகப் புகழ்பெற்ற படமும் அப்படிப்பட்டதுதான். பென் ஹோகன் 1949 பிப்ரவரியில் காரில் போகும்போது எதிரே வந்த பஸ் நேருக்கு நேர் மோதியது. பக்கத்தில் இருந்த மனைவியைக் காப்பாற்ற அவர்மேல் குறுக்கே பாய்ந்து விழுந்ததால் ஹோகனும் உயிர் பிழைத்தார். இனி நடப்பாரா என்பதே சந்தேகமாக இருந்தது. அந்த மனிதர் பதினாறு மாதம் கழித்து, 1950 ஜூனில், பென்சில்வேனியாவில் உள்ள மெரியன் மைதானத்தில் அமெரிக்க ஓப்பன் ஆடினார். ஒரே நாளில் 36 குழிகள். கால்கள் ஓய்ந்துபோன நிலையில் கடைசிக் குழிக்கு அவர் அடித்த இரண்டாவது அடியை, ஹை பெஸ்கின் என்ற புகைப்படக்காரர் பின்னால் நின்று எடுத்தார். ஹோகனின் முகம் தெரியாது. முறுக்கி நிற்கும் முதுகும், எதிரே பச்சைப்புல்லின் இருபுறமும் சுவர் மாதிரி நிற்கும் ஜனங்களும்தான் தெரியும். மறுநாள் நடந்த பிளே-ஆஃபில் ஹோகன் ஜெயித்தார். படத்தில் இருக்கும் அந்த ஒன்றாம் நம்பர் மட்டை அதற்கு முன்பே காணாமல் போய்விட்டது. யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்! பல வருஷம் கழித்துத்தான் கிடைத்தது. இப்போது அமெரிக்க கோல்ஃப் சங்கத்தின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அந்தக் காலத்தில் ரசிகர்கள் ஆட்டக்காரர்களோடு கூடவே நடந்தார்கள். அடித்து முடித்ததும் கூட்டம் மைதானத்துக்குள் பாய்ந்து அடுத்த இடத்துக்கு ஓடும். 1954-இல் நியூ ஜெர்சியின் பால்டஸ்ரால் மைதானத்தில் நடந்த அமெரிக்க ஓப்பனில்தான் ஒவ்வொரு குழிக்கும் ஆரம்பத்திலிருந்து முடிவுவரை கயிறு கட்டினார்கள். தேசம் முழுவதும் தொலைக்காட்சியில் காட்டப்பட்ட முதல் அமெரிக்க ஓப்பனும் அதுவே. கயிறு வந்ததும் பின்வரிசை என்று ஒன்று உருவாகிவிட்டது. குள்ளமானவர்கள் பாடு திண்டாட்டம். அட்டையில் செய்த பெரிஸ்கோப்பைத் தலைக்குமேல் நீட்டிப் பார்ப்பார்கள். 1963-இல் கோடக் கம்பெனி இன்ஸ்டமேட்டிக் காமிராவை விற்க ஆரம்பித்தது. சின்னப் பிள்ளைகூட ஃபிலிம் மாட்டலாம், விலையும் மலிவு. பெரிஸ்கோப் பிடித்த கைகளில் காமிராவும் ஏறியது. தொழில்காரருக்கு எப்போது அழுத்தக்கூடாது என்று தெரியும். புதிதாகக் காமிரா வாங்கியவருக்கு யார் சொல்லிக்கொடுப்பது?

டெல்லியில் நான் வேலை பார்த்த காலத்தில் இதை நேரில் பார்த்திருக்கிறேன். இந்தியன் ஓப்பன் 1964-இல் தொடங்கியது. முதல் போட்டி டெல்லி கோல்ஃப் கிளப்பில்தான். ஆஸ்திரேலியாவின் பீட்டர் தாம்சன் ஜெயித்தார். மறுவருஷம் கல்கத்தாவில் பில்லூ சேத்தி என்ற நம்மவர் ஜெயித்தார். அவர் தொழில்முறை ஆட்டக்காரர் அல்ல, பொழுதுபோக்குக்கு ஆடுபவர். இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர் ஒருவர் அந்தக் கோப்பையைத் தொட 1991 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தொட்டவர் அலி ஷேர். அதே டெல்லி கிளப்பில் மற்றவர்களின் மட்டைப் பையைச் சுமந்து கேடியாக இருந்தவர்! இதைவிட நல்ல கதையை நம் சினிமாக்காரர்களால்கூட எழுத முடியாது.

அந்த மைதானமே பார்க்க வேண்டிய இடம். நடுவில் முகலாயர் காலத்து லால் பங்களா கல்லறை மண்டபம். புதர்களுக்குள் மயில்கள். நான் போன அன்று கூட்டம் அதிகமில்லை. ஒரு கிரீனைச் சுற்றி முப்பது பேர் இருந்திருப்போம். பக்கத்தில் நின்ற அலுவலக நண்பரிடம் துபாயிலிருந்து வந்த புத்தம்புது ஆட்டோமேட்டிக் காமிரா. மனிதர் ஒழுக்கமானவர். ஆட்டக்காரர் அடித்து முடிக்கும்வரை காத்திருந்து, பிறகுதான் அழுத்துவார். அன்று ஒரு ஆட்டக்காரர் பந்தைக் குழிக்குள் தள்ளிவிட்டுக் கையை உயர்த்தினார். நண்பர் அதைப் படம் எடுத்தார். அது ரோலின் முப்பத்தாறாவது படம். அடுத்தவர் தன் பந்தின் முன்னால் குனிந்தபோது, காமிரா தானாகவே ஃபிலிமைப் பின்னோக்கிச் சுற்ற ஆரம்பித்துவிட்டது. 'ர்ர்ர்ர்' என்று மிக்ஸி மாதிரி சத்தம். நிறுத்தவும் பட்டன் இல்லை. நண்பர் காமிராவைக் கோட்டுக்குள் திணித்து, இரண்டு கையாலும் வயிற்றோடு அணைத்துக்கொண்டு குனிந்து நின்றார். ஆட்டக்காரர் நிமிர்ந்தார், திரும்பிப் பார்த்தார், பொறுமையாகக் காத்திருந்தார். சத்தம் நின்றதும் "முடிந்ததா?" என்பதுபோலத் தலையை ஆட்டிவிட்டு, பந்தைத் தள்ளினார். பந்து குழிக்குள் விழுந்தது. எல்லோரையும்விட பலமாகக் கைதட்டியவர் என் நண்பர்தான். பிரிண்ட் வந்தபோது பாதிப் படங்களில் முன்னால் நின்ற சர்தார்ஜியின் தலைப்பாகைதான் இருந்தது என்பது வேறு கதை.

ஃபிலிம் காலம் முடிந்து கைப்பேசியில் காமிரா வந்த பிறகு நிலைமை கைமீறியது. 2006-இல் இங்கிலாந்தின் ஹாய்லேக் ஊரில் தி ஓப்பன் போட்டி. டைகரின் அப்பா இறந்து இரண்டே மாதம். அவர் எங்கே போனாலும் சுற்றிலும் க்ளிக் க்ளிக் என்று கைப்பேசிகள். அத்தனைக்கும் நடுவில் அவர்தான் ஜெயித்தார். கேடியின் தோளில் சாய்ந்து அழுதார். ஆம், அதே ஸ்டீவ் வில்லியம்ஸ்தான். அதன்பிறகு அந்தப் போட்டிக்குக் கைப்பேசி கொண்டுவரக் கூடாது என்று தடை போட்டார்கள். 2012-இல்தான் விலக்கிக்கொண்டார்கள்.

அதே 2012-இல் அமெரிக்காவில் ஒரு வேடிக்கை. ஒஹாயோவில் ஜாக் நிக்லஸ் நடத்தும் மெமோரியல் போட்டியில் ஃபில் மிக்கல்ஸன், பப்பா வாட்ஸன், ரிக்கி ஃபௌலர் மூவரையும் ஒரே குழுவில் போட்டார்கள். மூவரும் ரசிகர்களின் செல்லப்பிள்ளைகள். கேட்க வேண்டுமா? கூட்டமும் கைப்பேசியும் தாங்கவில்லை. மிக்கல்ஸன் பொறுக்கமுடியாமல் ஆட்டத்தின் நடுவிலேயே தன் கைப்பேசியை எடுத்து, போட்டிகளை நடத்தும் பி.ஜி.ஏ. டூரின் தலைவருக்குக் குறுஞ்செய்தி அனுப்பினார் என்று பத்திரிகைகள் எழுதின. கைப்பேசித் தொல்லையைப் புகார் செய்யவும் கைப்பேசிதான் உதவியது! முதல் நாள் 79 அடிகள் எடுத்தவர், மனம் சோர்ந்துவிட்டது என்று சொல்லிப் போட்டியிலிருந்தே விலகிக்கொண்டார்.

படம் எடுப்பவருக்கும் ஆபத்து இல்லாமல் இல்லை. கோல்ஃப் பந்து 46 கிராம்கூட இருக்காது. ஆனால் மட்டையிலிருந்து கிளம்பும்போது மணிக்கு 270 கிலோமீட்டர் வேகத்தில் போகும். 2018-இல் பாரிஸ் அருகே நடந்த ரைடர் கோப்பைப் போட்டியில் அப்படி ஒரு பந்து பட்டு ஒரு பெண்மணிக்கு ஒரு கண்ணில் பார்வை போய்விட்டது. எச்சரிக்கைக்கு 'ஃபோர்!' என்று கத்துவது வழக்கம். கூட்டத்தில் எல்லோர் காதிலும் அது விழும் என்று சொல்ல முடியாது. சும்மா நிற்பவருக்கே இந்தக் கதி என்றால், ஒரு கண்ணைக் காமிராவில் ஒட்டி மறு கண்ணை மூடியிருப்பவரை நினைத்துப் பாருங்கள். ஆட்டக்காரருக்கோ அதற்காக அபராதம் எதுவும் கிடையாது. பந்து யார்மேல் பட்டாலும், நின்ற இடத்திலிருந்து ஆட்டத்தைத் தொடரவேண்டியதுதான்.

2010-இல் வேல்ஸ் நாட்டில் நடந்த ரைடர் கோப்பையில், டைகர் சரியாக அடிக்காத ஒரு பந்து நேராக மார்க் பெய்ன் என்ற பத்திரிகைப் புகைப்படக்காரரின் காமிராவை நோக்கிப் பறந்து வந்தது. அவர் அசையாமல் அழுத்தினார். படத்தில் பந்து நம் முகத்துக்கே வருவதுபோல இருக்கும். ஆனால் அந்தப் படத்தை உலகப் புகழ் ஆக்கியது பந்தும் அல்ல, டைகரும் அல்ல. பின்னால் தலைப்பாகை, ஒட்டு மீசை, வாயில் சுருட்டோடு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஒரு ரசிகர்! ஸ்பெயின் ஆட்டக்காரர் ஹிமேனெஸ் மாதிரி வேஷம் போட்டு வந்தவராம். அவர் முகத்தை வெட்டி நிலவில் இறங்கிய படம் முதல் உலகத் தலைவர்கள் கூட்டம் வரை ஒட்டி இணையத்தில் சிரித்தார்கள்.

கடைசியில் சண்டையைத் தீர்த்தது சட்டம் அல்ல, இயந்திரம். 2017-இல் சோனி கம்பெனி ஆல்ஃபா 9 என்ற காமிராவைக் கொண்டுவந்தது. கண்ணாடியும் இல்லை, சத்தமும் இல்லை, விநாடிக்கு 20 படம். தொழில்காரர்கள் முதன்முறையாக மட்டை இறங்கும் அந்தக் கால் விநாடியைப் பக்கத்தில் நின்றே எடுக்க முடிந்தது. அதே வருஷம் பி.ஜி.ஏ. டூரும் ரசிகர்கள் கைப்பேசியில் படம் எடுக்கலாம், சத்தத்தை மட்டும் அணைத்துவிடுங்கள் என்று இறங்கிவந்தது.

இப்போது க்ளிக் சத்தம் இல்லை. 2022-இல் ஓக்லஹோமாவில் நடந்த பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப்பில் எடுத்த ஒரு படம் உண்டு. டைகர் மட்டையை வீசுகிறார். பின்னால் நிற்கும் அத்தனை பேர் முகத்துக்கு முன்னாலும் கைப்பேசி. ஒரே ஒருவர் மட்டும் இரண்டு கையாலும் பீர் டின்னைப் பிடித்துக்கொண்டு, தன் சொந்தக் கண்ணால் டைகரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவரும் பிரபலமாகிவிட்டார்.

இன்னும் பழைய கட்டுப்பாடு மாறாத இடம் ஒன்று இருக்கிறது. ஜார்ஜியாவில், பாபி ஜோன்ஸ் உருவாக்கிய அகஸ்டா நேஷனல். 1934 முதல் மாஸ்டர்ஸ் போட்டி நடக்கும் இடம். திங்கள் முதல் புதன் வரை பயிற்சி நாட்களில் ரசிகர்கள் காமிரா கொண்டுபோகலாம். வியாழக்கிழமை போட்டி தொடங்கிவிட்டால் அதுவும் கூடாது. கைப்பேசிக்கு ஏழு நாளும் அனுமதி இல்லை. வீட்டுக்குப் பேச வேண்டியவர்களுக்காக மைதானத்தில் வரிசையாக இலவசத் தொலைபேசிகள் வைத்திருக்கிறார்கள். வீட்டு நம்பர் மனப்பாடமாகத் தெரிந்தால் பேசலாம்.