சிவப்புத் தொப்பி: வென்சோவில் அரசும் வணிகரும்

சீனச் சந்தைச் சீர்திருத்தம் பற்றிய ஆய்வுகளில் ஒரு கணக்கு அடிக்கடி தலைகாட்டுகிறது: அரசு எவ்வளவு பின்வாங்கியதோ அவ்வளவு சமூகம் வளர்ந்தது. 1990களில் சீனக் குடிமைச் சமூகத்தின் மேல் பலர் வைத்த நம்பிக்கைக்கும் இதுவே அடிப்படை. செஜியாங் மாகாணத்து வென்சோவில் இந்தக் கணக்கு உதைக்கிறது. தனியார் தொழில் மிக முன்னதாகத் தழைத்த ஊர் அது. ஆனால் அங்கிருந்த வணிகர்கள் அரசை ஒதுக்கித் தள்ளி இடம் பிடிக்கவில்லை. அதன் பெயரைப் போர்த்திக்கொண்டு பிடித்தார்கள். அந்தப் போர்வைக்கு அவர்கள் பிற்பாடு விலை கொடுக்க வேண்டியிருந்தது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

வென்சோவில் மலை அதிகம், விளைநிலம் குறைவு. தைவானை நோக்கிய கரை என்பதால் மாவோ காலத்தில் மைய அரசின் பெரிய முதலீடும் வரவில்லை. பிழைக்க வணிகமே வழி. 1980 டிசம்பரில் சாங் ஹுவாமெய் என்ற இளம்பெண்ணுக்கு அங்கே வழங்கப்பட்ட தனிநபர் தொழில் உரிமமே நாட்டின் முதலாவது என்பார்கள். ஆனால் அன்று அத்தகைய உரிமத்தை வைத்துக்கொண்டு 7 பேருக்கு மேல் வேலைக்கு அமர்த்த முடியாதிருந்தது. எட்டாவது ஆள் வந்தால் சுரண்டல். ‘மூலதனம்’ நூலில் மார்க்ஸ் எடுத்துக்காட்டாகப் போட்டுக் காட்டிய கணக்கு ஒன்றிலிருந்து எடுத்த எல்லை இது. ஒரு நூற்றாண்டு கழித்துப் பட்டறைகளில் ஆள் எண்ணுவதற்கு அது பயன்படும் என்று அவரே நினைத்திருக்க மாட்டார். எல்லை தாண்டினால் என்ன ஆகும் என்பது 1982இல் தெரிந்தது. பொருளாதாரக் குற்ற ஒழிப்பு இயக்கத்தில், லியூஷி என்ற சிற்றூரில் ‘எட்டு மன்னர்கள்’ எனப் பெயரெடுத்த சிறுதொழில்காரர்கள் சிக்கினார்கள். சிலர் சிறை சென்றார்கள், தலைமறைவானவர்களும் உண்டு. 1984இல் அவர்கள்மீதான குற்றச்சாட்டுகள் நீக்கப்பட்டன. ஆனால் பயம் ஊரில் தங்கிவிட்டது.

அந்நாளில் லியூஷிக்காரர் ஒருவர் வடக்கே ஒரு சுரங்கத்துக்கு மின் சுவிட்சுகள் விற்கப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். சுரங்கம் அரசுடையது, முன்பின் தெரியாத தனியாளிடம் அது வாங்காது. எனவே அறிமுகக் கடிதம், ஒப்பந்தப் படிவம், ரசீது, வங்கிக் கணக்கு எண் ஆகிய நான்கும் அவர் கையில் இருக்க வேண்டும். ஊரிலுள்ள கூட்டுடைமை நிறுவனம் ஒன்று கட்டணம் வாங்கிக்கொண்டு இவற்றைத் தரும். பணம் அதன் கணக்கில் வந்து விழும். வரியையும் தன் பங்கையும் பிடித்துக்கொண்டு மீதியை அவரிடம் கொடுக்கும். முதலும் சரக்கும் நட்டமும் அவருடையவை, முத்திரை மட்டும் கூட்டுடைமை நிறுவனத்துடையது. தனியார் நிறுவனத்தையே கூட்டுடைமை என்று பதிவு செய்வது இதன் அடுத்த படி. அதைத்தான் ‘சிவப்புத் தொப்பி’ என்றார்கள். 1987இல் வென்சோ நகர அரசு இப்படி ஒட்டிக்கொண்டு தொழில் நடத்துவதற்கு இடைக்கால விதிகளையே வெளியிட்டது. மறைப்பதற்கும் விதிமுறை வந்துவிட்டது!

இந்த ஏற்பாட்டில் அதிகாரிகளுக்கும் ஆதாயம் இருந்தது. 1980களின் வரிப் பகிர்வு முறையில், மேலே கட்ட வேண்டியது போக மிஞ்சிய வருவாயில் பெரும்பகுதி உள்ளூர் அரசுக்கே. ஆய்வாளர் ஜீன் ஓய் இதை வைத்தே உள்ளூர் அரசை ஒரு பெருநிறுவனத்தின் நிர்வாகக் குழுவோடு ஒப்பிட்டார். மற்றோர் ஆய்வாளர் யாஷெங் ஹுவாங் மறுத்தார்: 1985இல் ஊரகத் தொழில் என எண்ணப்பட்ட சுமார் 1.2 கோடி அமைப்புகளில் ஏறத்தாழ 1 கோடி தனியாருடையவையே என்பது அவர் கணக்கு. எண்ணிக்கையில் ஹுவாங் பக்கமே வலுவானது என்று நினைக்கிறேன். ஆனால் வென்சோவைப் பொறுத்தவரை இருவருமே ஒன்றை விட்டுவிடுகிறார்கள். உடைமை யாருடையது என்ற கேள்வியை எழுப்பாமல் இருப்பதில்தான் இரு தரப்பின் லாபமும் இருந்தது.

1990களின் பிற்பகுதியில் அரசு தொப்பியைக் கழற்றச் சொன்னபோது அந்தக் கேள்வி வந்தே தீர்ந்தது. ஏட்டில் கூட்டுடைமை என்றிருந்த சொத்து தன்னுடையதுதான் என்று முதலாளி காட்ட வேண்டும். முடியாவிட்டால், சொந்தப் பணத்தை எடுத்ததே பொதுச்சொத்துக் கையாடலாகிவிடும். இத்தகைய வழக்குகளில் வணிகர்களுக்குத் துணையாக இருந்தது சட்டத்தைவிட அதிகாரிகளோடு வளர்த்த நெருக்கமே. 2001 ஜூலை 1 அன்று கம்யூனிஸ்ட் கட்சிப் பொதுச்செயலாளர் ஜியாங் செமின் தொழில்முனைவோருக்குக் கட்சிக் கதவைத் திறந்தபோது அவர்களில் பலர் தயங்காததில் வியப்பில்லை.

வென்சோவின் தொழில்துறைச் சங்கங்கள் தன்னாட்சிக்குச் சான்றல்லவா என்று கேட்கலாம். சிகரெட் லைட்டர் உற்பத்தியாளர் சங்கம் ஐரோப்பிய ஒன்றியத்தின் பொருள்குவிப்பு விசாரணையை எதிர்த்து நின்றது. 2003இல் புகார் திரும்பப் பெறப்பட்டது. சிறிய வெற்றியல்ல. ஆனால் 1998 விதிகளின்படி எந்தச் சங்கமும் பதிவு பெற ஓர் அரசு அமைப்பின் பொறுப்பில் இருந்தாக வேண்டியிருந்தது. ஒரே வட்டாரத்தில் ஒரே துறைக்கு இரண்டாவது சங்கம் தேவையில்லை எனப் பதிவை மறுக்க முடிந்தது. சங்கத்துக்கும் தொப்பி வேண்டியிருந்தது.

அதே ஆண்டுகளில் வடகிழக்கில் அரசு உண்மையாகவே பின்வாங்கியது. வீடு, மருத்துவம், பள்ளி எல்லாம் தந்த ஆலைகள் மூடப்பட, நாடெங்கும் இரண்டு கோடிக்கும் மேற்பட்ட அரசுத்துறைத் தொழிலாளர்கள் வேலையிழந்தார்கள். ஆனால் அரசு விட்டுச்சென்ற அந்த இடத்தில் சமூகம் தானாக முளைத்துவிடவில்லை. 2002இல் அப்பகுதியின் லியாவ்யாங் நகரத் தொழிலாளர்கள் நிலுவைச் சம்பளமும் ஓய்வூதியமும் கேட்டு, எந்த அமைப்பின் முத்திரையும் இல்லாமல் தெருவுக்கு வந்தார்கள். மறு ஆண்டு, அரசைக் கவிழ்க்க முயன்றதாக அவர்களின் தலைவர்கள் இருவருக்கு 7 ஆண்டும் 4 ஆண்டும் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.