ஓட்டுக்கு வராத எழுத்து

1826-ல் ஹவாய்த் தீவுகளில் இருந்த அமெரிக்கப் பாதிரிகள், அந்தத் தீவுகளின் மொழிக்கு எந்த எழுத்துக்கள் வேண்டும், எவை வேண்டாம் என்று ஓட்டெடுப்பு நடத்தித் தீர்மானித்தார்கள். உருவகமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே ஓட்டெடுப்பு. அவர்கள் வந்து இறங்கியது 1820-ல். 1822 ஜனவரியில் முதல் அச்சுத்தாள் வெளிவந்தது. அடுத்த நாலு வருஷம் ஒரே சொல் இரண்டு மூன்று உருவங்களில் அச்சாகிக் கொண்டிருந்தது. ஹொனலூலு, ஹொனரூரு, கமேஹமேஹா, தமேஹமேஹா. ஒரே ஆள் காலையில் ஒரு விதமாகவும் மாலையில் இன்னொரு விதமாகவும் சொன்னான். பைபிளை மொழிபெயர்க்க வந்தவர்களுக்கு இது பெரிய இடைஞ்சல். ஓட்டெடுப்பின் முடிவில் ஐந்து எழுத்துக்கள் வெளியேறின. உயிர் ஐந்து, மெய் ஏழு, மொத்தம் பன்னிரண்டு என்று நெடுங்கணக்கு முடிந்துபோயிற்று.

வெளியேறிய ஐந்தையும் தமிழில் எழுதப் போனால் பி, டி, ஆர், டி, வி என்று வருகிறது. பி-யை நீக்கி பி-யை வைத்துக்கொண்டார்கள் என்று எழுத வேண்டியிருக்கிறது. பம்பரம் என்ற சொல்லில் முதல் ப வேறு, அடுத்த ப வேறு. தந்தையிலும் இரண்டு த. நமக்கு இது உறுத்துவதில்லை. அர்த்தத்தை மாற்றாத வித்யாசத்துக்கு எழுத்து எதற்கு என்று நம் நெடுங்கணக்கு வெகு காலத்துக்கு முன்பே முடிவு செய்துவிட்டது. ஆகவே, ஒலிகளைக் கொன்றுவிட்டார்கள் என்று பாதிரிகள் மீது பாயும் ஆவேசத்தில் என்னால் சேர்ந்துகொள்ள முடியவில்லை. ஒன்றுக்கொன்று மாற்றாக வரும் ஒலிகளுக்கு ஓர் எழுத்து போதும் என்பது கெட்டிக்காரத்தனமான முடிவுதான். வேடிக்கை என்னவென்றால், பைபிளில் வரும் அயல்பெயர்களுக்காக நீக்கிய எழுத்துக்களைத் திரும்பவும் உள்ளே விட்டார்கள். தாவீது ராஜா தன் எழுத்துக்களோடு வந்து சேர்ந்தார். தமேஹமேஹா ராஜா தன் முதலெழுத்தை இழந்தார்.

இந்த க, த விவகாரத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஹவாய்த் தீவுகள் வடமேற்கிலிருந்து தென்கிழக்காகச் சாய்ந்து கிடக்கின்றன. வடமேற்குக் கோடியில் கௌவாய், நீஹௌ. அங்கே த. தென்கிழக்குக் கோடியில் ஹவாய் என்ற பெரிய தீவு. அங்கே க. குக் 1778 ஜனவரியில் முதலில் கரை இறங்கிய தீவு கௌவாய். அவருடைய ஆட்கள் அதை ‘அட்டூய்’ என்று எழுதினார்கள். காதில் விழுந்தது க அல்ல. மறு வருஷம் அவர் கொல்லப்பட்ட கேயலகேகுவா குடாவோ பெரிய தீவில் இருக்கிறது. அதைக் ‘கரககூவா’ என்று எழுதினார்கள். க-க்கள் அப்படியே இருக்கின்றன. ல மட்டும் ர ஆகிவிட்டது. பெரிய தீவிலிருந்து புறப்பட்ட கமேஹமேஹா 1795-ல் பெரும்பாலான தீவுகளைப் பிடித்தார். 1810-ல் கௌவாய் பணிந்தது. ஜெயித்தவனின் ஒலிக்குத்தான் பாதிரிகள் கை தூக்கினார்கள் என்று சொல்லமாட்டேன். ஆனால் அவர்கள் காதைச் சுற்றியிருந்த அரண்மனைப் பேச்சு எந்தத் தீவிலிருந்து வந்தது என்பதையும் மறந்துவிட முடியாது.

இதே த, ஸமோவாவிலும் க ஆகியிருக்கிறது. லண்டன் மிஷன் அங்கே 1830-ல் வந்தது. எழுத்தில் த நிலைத்தது. அதன் பிறகு த-வோடு பேசுவது ‘நல்ல பேச்சு’, க-வோடு பேசுவது ‘கெட்ட பேச்சு’ என்று ஸமோவர்களே பெயர் வைத்திருக்கிறார்கள். மாதா கோயிலில், பள்ளிக்கூடத்தில், வெளியாளிடத்தில் நல்ல பேச்சு. வீட்டில் கெட்ட பேச்சு. ஆனால் ஊர்ச் சபையில் எழுந்து நின்று பரம்பரைச் சொற்பொழிவு நிகழ்த்தும் தலைவன் பேசுவதும் அந்தக் ‘கெட்ட’ பேச்சில்தான். ஹவாயில் க செம்மையாயிற்று, ஸமோவாவில் கொச்சையாயிற்று. ஒலியில் செம்மையும் இல்லை, கொச்சையும் இல்லை. அச்சுக்கோப்பவன் பெட்டியில் எந்த எழுத்து இருந்தது என்பதில் இருக்கிறது.

இவ்வளவும் ஓட்டுக்கு வந்த எழுத்துக்களைப் பற்றி. எனக்கு முக்கியமாகப் படுவது ஓட்டுக்கே வராத ஒன்று. ஹவாய் மொழியில் எட்டாவதாக ஒரு மெய் உண்டு. தொண்டைக்குள் மூச்சை ஒரு கணம் அடைத்து விடும் ஒலி. ‘ஒகினா’ என்பார்கள், துண்டிப்பு என்று பொருள். இந்தக் கட்டுரையில் அதை ஒரு மேற்கோள் குறியால் காட்டுகிறேன். பஉ என்றால் முடிந்தது. ப‘உ என்றால் புகைக்கரி. ப‘ஊ என்றால் ஈரம். பா‘ஊ என்றால் பெண்கள் உடுத்தும் பாவாடை. இந்த நாலும் பாதிரிகளின் எழுத்தில் ஒரே மாதிரி அச்சாகும். துண்டிப்பும் இல்லை, குறில் நெடிலும் இல்லை. அர்த்தத்தை மாற்றாத ஒலிகளைப் பற்றி வருஷக்கணக்கில் வாதாடியவர்கள், அர்த்தத்தை மாற்றும் ஒலியை ஓர் எழுத்தாகவே எண்ணவில்லை. காரணம் எளிது. அவர்களுடைய சொந்த எழுத்தில் அதற்கு இடமில்லை. ஒவ்வொருவனும் தன் நெடுங்கணக்கைக் கொண்டுதான் அடுத்தவன் வாயைக் கேட்கிறான்.

அடியோடு விட்டுவிட்டார்கள் என்றும் சொல்ல முடியாது. பைபிளில் ஒரு ஜோடிச் சொற்களைப் பிரித்துக் காட்ட மட்டும் மேலே ஒரு கோடு போட்டார்கள். கொ‘உ என்றால் என்னுடையது, கொஉ என்றால் உன்னுடையது. பாவாடையும் புகைக்கரியும் கலந்து போகலாம். என்னுடையதும் உன்னுடையதும் கலந்துவிடக் கூடாது. 1848-ல் அந்தத் தீவுகளின் நிலமெல்லாம் ராஜாவுக்கு இவ்வளவு, தலைவர்களுக்கு இவ்வளவு என்று பங்கு போடப்பட்டதையும் சேர்த்துப் படிக்கும்போது, இந்தச் சின்னக் கோடு எனக்கு வெறும் எழுத்து விவகாரமாகத் தெரிவதில்லை.

துண்டிப்பை விட்டதால் போனது உச்சரிப்பு மட்டுமல்ல, வம்சாவளியும்தான். இது புரிய கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1769 அக்டோபரில் குக்கின் கப்பல் நியூஸிலாந்தில் கரை சேர்ந்தபோது, டஹீட்டிப் பக்கத்திலிருந்து உடன் வந்த துபையா என்ற பூசாரி அங்குள்ள மௌரிகளிடம் தன் மொழியில் பேசினார். அவர்களுக்குப் புரிந்தது. இரண்டு இடங்களுக்கும் நடுவே ஏறத்தாழ 4000 கிலோமீட்டர் கடல். இந்த மொழிகளின் உறவுக்கு அதைவிடப் பெரிய நிரூபணத்தைப் பிற்பாடு யாரும் தந்துவிடவில்லை. வந்ததெல்லாம் விளக்கங்கள். அமெரிக்கக் கடற்பயணக் குழுவோடு போன ஹொரேஷியோ ஹேல் 1846-ல் பாலினீஷிய மொழிகளுக்கு ஓர் ஒப்பிலக்கணம் போட்டார். ஸமோவாவின் ஸவாய்‘இ, மௌரிகளின் பூர்வீக பூமியான ஹவைகி, இந்த ஹவாய்‘இ எல்லாம் ஒரே பெயரின் மாற்றுருக்கள் என்று கண்டார். ஹவாய்‘இ என்பதில் கடைசி இ-க்கு முன்னால் வரும் துண்டிப்பு, ஹவைகியில் உள்ள க.

விஷயம் அதுதான். ஹவாய் மொழியில் பழைய க துண்டிப்பாயிற்று. காலியான இடத்தில் த வந்து உட்கார்ந்து க ஆயிற்று. மௌரியில் மீனுக்கு இக, ஹவாயில் இ‘அ. மௌரியில் மனிதன் தஙத; ஹவாயில் கனக. (இதைக் கனகம் போல் இளக்கிப் படிக்கக் கூடாது; இரண்டு க-வும் வல்லினம்.) மௌரியில் கை என்றால் உணவு, ஹவாயில் கை என்றால் கடல். கடல் மௌரியில் தை. உணவு ஹவாயில் ‘ஐ. துண்டிப்பை எழுதாவிட்டால் இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்துபோகிறது. பழைய க எங்கே போயிற்று என்று தேடுகிறவனுக்குக் காகிதத்தில் ஒன்றுமே அகப்படாது.

வகைப்படுத்துகிறவர்களின் கதை தனி. எல்பெர்ட் 1953-ல் பொதுச் சொற்களை எண்ணிப் பார்த்துக் கிளை பிரித்தார். 1966-ல் பாவ்லி வேறு வழியில் போனார். பழையதைச் சேர்ந்து காப்பாற்றி வைத்திருப்பது உறவுக்குச் சான்றல்ல, சேர்ந்து புதிதாக மாறியதே சான்று என்றார். அந்த மாற்றங்களை இலக்கண உருவங்களில் தேடினார். டோங்காவும் நியூவேயும் ஒரு கிளை, மற்றவை ஒரு கிளை. இரண்டு என்பதற்கு டோங்காவில் உஅ, ஸமோவாவிலும் ஹவாயிலும் லுஅ. அதே 1966-ல் கிரீன் என்ற அகழ்வாராய்ச்சிக்காரர் கிழக்குக் கிளையைப் பிரித்து, ஹவாயை மார்க்கேசஸ் தீவுகளோடும் மௌரியை டஹீட்டியோடும் சேர்த்தார். அந்த மரம் பாடபுத்தகங்களில் வேரூன்றிவிட்டது. 2014-ல் மேரி வால்வொர்த் அந்த இரண்டு கிளைகளுக்கும் போதிய ஆதாரம் இல்லை என்று எழுதினார். குடியேறிய பிறகும் படகுகள் போய்வந்து கொண்டிருந்தன. கிளை பிரிந்த பின் ஒன்றையொன்று தொடாமல் நிற்பது மரம். தீவுகள் அப்படி நிற்கவில்லை. த க ஆனதை வைத்து ஹவாயையும் ஸமோவாவையும் ஒட்டவும் முடியாது. ஸாலமன் தீவுகளுக்கு வடக்கே உள்ள லுவாங்கியுவாவிலும் அது நடந்திருக்கிறது, தனியாக.

துண்டிப்பில்லாத எழுத்தால் அன்றைக்கு யாருக்கும் நஷ்டமில்லை. 1834-ல் முதல் பத்திரிகை வந்தது. 1948-க்குள் ஹவாய் மொழியில் நூற்றுக்கு மேற்பட்ட பத்திரிகைகள். மந்திரங்கள், வம்சாவளிகள், தொடர்கதைகள், வசைச் சண்டைகள். எழுதியவனுக்கும் படித்தவனுக்கும் குறி தேவைப்படவில்லை, வாயில் இருந்தது. 1893-ல் ராணியைக் கவிழ்த்தார்கள். 1896-ல் பள்ளிக்கூடங்களில் ஆங்கிலமே போதனாமொழி என்று சட்டம் வந்தது. அதற்குப் பின் வளர்ந்த குழந்தை பாட்டன் பத்திரிகையை எடுத்துப் படித்தால், அங்கே இருப்பது பாவாடையா, புகைக்கரியா என்று சொல்ல வீட்டில் ஆள் இல்லை. 1826-ல் செய்த தவறு எழுபது வருஷம் தூங்கிவிட்டு எழுந்தது.

1978-ல் அரசியல் சாசனத்தில் ஹவாய் மொழி ஆட்சிமொழியாயிற்று. 1984-ல் கௌவாயில் முதல் குழந்தைப் பள்ளி, ஹவாய் மொழி மட்டும் பேசும் பள்ளி, திறக்கப்பட்டது. அங்கிருந்து கூப்பிடு தூரம் என்று சொல்லக்கூடிய நீஹௌவில் அந்த மொழி ஒருபோதும் நின்றதேயில்லை. 1864-ல் ஒரு குடும்பம் விலைக்கு வாங்கிய தீவு அது; வெளியாள் சுலபத்தில் போக முடியாது. நல்லது கெட்டது எதுவானாலும் அந்தப் பூட்டு மொழியைக் காத்தது. அங்கே இன்றும் த கேட்கிறது. மொழியியலாளர் அதை ‘நீஹௌ வட்டார வழக்கு’ என்கிறார்கள். தாயிடமிருந்து வந்த பேச்சு வட்டார வழக்கு. அகராதியிலிருந்து கற்ற பேச்சு மொழி.

அந்த அகராதி மேரி கவேனா புகூயியும் எல்பெர்ட்டும் 1957-ல் வெளியிட்டது. நான் இந்த மொழியை அறிந்தது அதன் வழியே. சொல்லுக்குச் சொல் துண்டிப்பும் நெடிலும் ஒழுங்காகக் குறித்த முதல் அகராதி அதுதான். 1895-ல் பெரிய தீவில் பிறந்து பாட்டியிடம் வளர்ந்த புகூயியின் காதில் அவை இருந்தன. ஆனால் சில சொற்களுக்குப் பக்கத்தில் ஆண்ட்ரூஸ் என்ற பெயரின் சுருக்கம் நிற்கிறது. 1865-ல், குறிகள் இல்லாத பழைய எழுத்தில், அகராதி போட்ட பாதிரி அவர். பக்கத்தைப் புரட்டும்போது என் கண் அந்தச் சுருக்கத்தில் போய் நிற்கிறது. அதற்கு மேலே ஒரு சொல், அதற்குக் கீழே ஒரு சொல். இரண்டிலும் தொண்டை எங்கே அடைபடுகிறது என்று புகூயி குறித்திருக்கிறார்.