சின்னக் காரின் சேட்டை

யாழ்ப்பாணத்துத் தெருக்களில் நான் பார்த்து வளர்ந்த மொறிஸ் மைனரை உருவாக்கியவரும், ஐரோப்பியப் பந்தயக்காரரை மிரளவைத்த மினியை உருவாக்கியவரும் ஒரே ஆள்தான்: அலெக் இசிகோனிஸ். இலண்டனில் கராஜ் வேலைக்கு வந்த பிறகுதான் இது எனக்குத் தெரியவந்தது. அன்றிலிருந்து அந்த மனுசன்மேல் ஒரு சொந்தக்காரப் பாசம்.

மினி விளையாட்டுக்கென்று பிறந்த காரல்ல. 1956இல் சூயஸ் நெருக்கடி வந்து பிரித்தானியாவில் பெற்றோலுக்குப் பங்கீடு போட்டார்கள். கொஞ்ச எண்ணெயில் நாலு பேர் போக ஒரு கார் வேண்டியிருந்தது. பத்தடி நீளத்துக்குள் எல்லாவற்றையும் அடக்க, இசிகோனிஸ் எஞ்சினைக் குறுக்காகத் திருப்பி, கியர்ப்பெட்டியை அதன் அடியிலேயே வைத்தார். பத்து அங்குலச் சில்லுகளை நாலு மூலைக்கும் தள்ளினார். செய்ததெல்லாம் இடத்தை மிச்சம் பிடிக்கத்தான். ஆனால் 1959இல் வெளிவந்த அந்த 34 குதிரைவலுக் கார், வளைவுகளில் பெரிய கார்கள் கனவிலும் நினைக்காத மாதிரித் திரும்பியது. பந்தயக் கார் கட்டிய ஜோன் கூப்பரின் கண் அதில் விழுந்தது. 1961இல் 55 குதிரைவலுவும் முன்சில்லுகளுக்கு டிஸ்க் பிரேக்கும் கொண்ட மினி கூப்பர் வந்துவிட்டது.

1964 மொன்டே கார்லோ ரலியில் பாடி ஹொப்கேர்க் 1071 சி.சி. மினியில் வென்றார். இரண்டாவதாக வந்தது எட்டுச் சிலிண்டர், 4.7 லீற்றர் ஃபோர்ட் ஃபால்கன். உண்மையில் நேரக்கணக்கில் வேகமானது ஃபால்கன்தான். எஞ்சின் அளவைப் பார்த்துச் சலுகை தரும் விதி மினிக்குக் கைகொடுத்தது. மினிப் பிரியர்கள் இதைச் சத்தமாகச் சொல்வதில்லை. எனக்கோ, பனிமலை வளைவுகளில் அந்த யானையை இந்தச் சுண்டெலி விடாமல் துரத்தியதே போதும்.

ஜேர்மனியில் கதை வேறு. வொல்க்ஸ்வாகனின் சோதனைப் பொறியியலாளர் அல்ஃபோன்ஸ் லோவன்பேர்க் 1973இல் வேகமான சின்னக் கார் ஒன்றுக்கு யோசனை சொன்னபோது, கேட்டவர்களில் அநேகர் அக்கறை காட்டவில்லை. ஒரு சிலர் சேர்ந்து ஒளித்து மறைத்துச் செய்து பார்த்தார்கள். 1976இல் கோல்ஃப் ஜீரீஐ விற்பனைக்கு வந்தது: 1.6 லீற்றர், 110 குதிரைவலு, எடை 810 கிலோ. 5,000 கார் போனால் போதும் என்றிருந்தவர்கள், அந்த முதல் தலைமுறையில் மட்டும் 4,60,000க்கு மேல் விற்றார்கள். பின்கதவைத் தூக்கினால் சந்தைச் சாமான் முழுவதும் ஏறும். கட்டம் போட்ட சீட்டுத் துணியும் கோல்ஃப் பந்து மாதிரியான கியர்க் குமிழும் குன்ஹில்ட் லில்யெக்விஸ்ட் என்ற பெண்மணியின் கைவண்ணம்.

1984இல் வந்த பேஜோ 205 ஜீரீஐயைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலே வைப்பேன். வளைவின் நடுவில் அக்சிலேற்றரிலிருந்து காலை எடுத்தால் பின்பக்கம் வீசும். தெரிந்தவனுக்குக் குதூகலம், தெரியாதவனுக்கு வேலி. திருத்திய காரை ஓட்டிப் பார்ப்பது என் தொழில். விலை கூடிய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை எடுத்தால், இரண்டாம் கியரிலேயே நாட்டுப்புற வீதியின் 60 மைல் எல்லை முடிந்துவிடும். மிச்சக் கியரெல்லாம் சும்மா கிடக்கும். 205இல் 40 மைலிலேயே ரயர் கத்தும், பின்சில்லு ஒன்று தரையை விட்டுக் கிளம்பும், கைக்கும் காலுக்கும் ஓய்வில்லை. இருக்கிற வலு முழுவதையும் பிழிந்தெடுக்கலாம், பொலிஸ்காரன் கண்ணில் படாமலே.

இந்தக் கூத்தை நிறுத்தியது காப்புறுதி. பிரித்தானியாவில் 1990களின் தொடக்கத்தில் பெடியள் இந்தக் கார்களைக் களவெடுத்து ஓட்டி விளையாட, 1992இல் அதற்கென்றே கடுமையான சட்டம் வந்தது. இளந்தாரிகளுக்குக் காப்புறுதிக் கட்டணம் எட்டாத உயரத்துக்குப் போனது. ஜீரீஐக்கள் வாங்க ஆளில்லாமல் நின்றன.

இன்றைக்கு நிலைமை தலைகீழ். நல்ல 205 ஜீரீஐ ஒன்றின் விலைக்குப் பழைய போர்ஷே பொக்ஸ்டர் ஒன்றை வாங்கி, மிச்சக் காசில் நாலு புது ரயரும் போடலாம்.