ரோஜா அத்தரும் சேலத்துச் சந்தனமும்

அரபியில் 'இத்ர்' என்பது நறுமணம். 'அத்தார்' என்பவர் அதை விற்பவர். தமிழ் முஸ்லிம்களின் நாவில் நறுமணமே 'அத்தர்' ஆயிற்று. ரோஜாவிலிருந்து கிடைக்கும் மணப்பொருள்கள் மூன்று: பன்னீர், ரூஹ், அத்தர். இவற்றைப் பிரித்தறிந்தால்தான் எப்பருவத்திற்கு எது உகந்தது என்பது விளங்கும்.

வாலையில் மணப்பொருள் வடிக்கும் முறைகளை 9ஆம் நூற்றாண்டிலேயே அல்கிந்தி தனி நூலாகத் தொகுத்தார். சூடான பன்னீரின் மேல் மிதந்த எண்ணெயை நூர்ஜஹானின் தாயார் சேகரித்ததையும், அதற்கு 'இத்ரே ஜஹாங்கீரி' எனப் பெயரிடப்பட்டதையும் பேரரசர் ஜஹாங்கீர் தம் நினைவுக் குறிப்புகளில் பதிந்துள்ளார். கலப்பற்ற அந்த எண்ணெயே ரூஹ். ஒரு கிலோ ரூஹுக்கு மூவாயிரம் கிலோவுக்கும் மேற்பட்ட மலர்கள் தேவை.

கன்னோஜின் அத்தர் வேறு வகை. செப்புக் கொப்பரையில் மலர்கள் கொதிக்க, ஆவி மூங்கில் குழாய் வழியே சென்று சந்தன எண்ணெயில் இறங்கும். ரோஜாவின் மணம் விரைந்து அகல்வது. சந்தனமே அதைப் பிடித்து நிறுத்துகிறது. ஆகவே வடக்கின் அத்தர் தெற்கின் காடுகளையும் நம்பியிருந்தது. சேர்வராயன், கொல்லி மலைகள் சந்தனம் வளர்ந்த காடுகள். வனத்துறையின் சந்தனக் கிடங்கும் சேலத்தில் அமைந்தது.

சேலம், நாமக்கல் சமவெளியின் கோடை வெப்பத்திற்குப் பன்னீரும் மென்மையான ரோஜா அத்தரும் ஏற்றவை. மார்கழிக் குளிருக்கு ஹினா, ஷமாமா போன்ற கனத்த அத்தர்கள் பொருந்தும். திருமண வாயிலில் தெளிப்பது பன்னீர். ஜும்ஆவுக்கும் பெருநாளுக்கும் பூசுவது அத்தர். மய்யித்தின் இறுதிக் குளிப்பாட்டலுக்கு உரியது கற்பூரம். இஹ்ராமிலும் கணவனை இழந்தவளின் இத்தாவிலும் நறுமணம் தவிர்க்கப்படும். மணத்திற்கும் காலமும் இடமும் உண்டு என்பதே ஷரீஅத் கற்பிக்கும் ஒழுங்கு.

திருட்டு வெட்டினாலும் நோயினாலும் சந்தனம் அருகியது. 1998இல் அழிவாபத்துக்குள்ளாகக்கூடிய இனமாகப் பட்டியலிடப்பட்டது. விலை ஏற ஏற, பலர் பாரஃபின் எண்ணெயை அடிப்படையாக்கினர். செயற்கை மணமும் கலந்தது. பெயர் மட்டும் ரோஜா அத்தராகவே நீடிக்கிறது.

மலிவான பொருளை விற்பது குற்றமன்று. அதன் தன்மையை மறைத்து விற்பதே குற்றம். ஈரமான தானியத்தை உலர்ந்ததன் அடியில் மறைத்த வணிகரை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள். குப்பியில் இருப்பது சந்தனமா, பாரஃபினா என்று கேட்பது வாங்குவோரின் உரிமை. கேளாமலே சொல்வது விற்போரின் கடமை. அந்த நேர்மை இருக்கும்வரையே 'அத்தார்' என்னும் பெயருக்கு மணமுண்டு.