தொலைக்காட்சி தந்த இசைக்குழு: எஸ்5

தொலைக்காட்சிப் போட்டி நடத்தி ஓர் இசைக்குழுவையே உருவாக்கும் வழக்கம் 1999இல் நியூசிலாந்தின் 'பாப்ஸ்டார்ஸ்' நிகழ்ச்சியோடு பரவத் தொடங்கியது. 2002இல் சேனல் வி அதே வழியில் 'விவா' என்ற பெண்கள் குழுவை இந்தியாவில் அறிமுகப்படுத்தியது. தமிழகத்தில் அந்தத் துணிச்சல் சென்னையின் எஸ்.எஸ். மியூசிக் அலைவரிசைக்கு இருந்தது. அதன் 'வாய்ஸ் ஹன்ட்' போட்டியில் தேர்வான பென்னி தயாள், அர்ஜுன் சசி, சுவி சுரேஷ், அனைதா நாயர், பார்கவி பிள்ளை ஆகிய ஐவரும் எஸ்5 ஆனார்கள். 'இசை' என்ற ஆல்பம் வந்தது. 'பை தி பீப்பிள்' என்ற மலையாளப் படத்திலும் குழு தோன்றியது.

பிரிட்டனில் 2010இல் 'தி எக்ஸ் ஃபாக்டர்' போட்டிக்குத் தனித்தனியாக வந்த ஐந்து இளைஞர்கள் 'ஒன் டைரக்ஷன்' ஆக்கப்பட்டார்கள். மூன்றாம் இடமே கிடைத்தது. ஆனாலும் அவர்களின் முதல் ஆல்பம் 2012இல் அமெரிக்கப் பட்டியலில் முதலிடத்திலேயே நுழைந்தது.

எஸ்5 அந்த உயரத்தைத் தொடாததற்குத் திறமைக் குறைவு காரணமல்ல. திரைப்பாட்டே ஆண்ட சந்தையில் தனி ஆல்பத்துக்கு இடம் மிகக் குறைவு. குழுவின் குரல்களும் சினிமாவுக்கே போயின. பென்னி தயாள் 2007இல் ஏ.ஆர். ரஹ்மான் இசையில் 'சிவாஜி' படத்துக்குப் பாடினார். அடுத்த ஆண்டே இந்தித் திரையிலும் நிலைபெற்றார்.