கோண்டுவானா பாறைகளும் முதுகெலும்பிப் புதைபடிவக் காலக்கணிப்பும்

இந்தியாவின் நிலப்பகுதியில் படிந்த டிரையாசிக் காலப் பாறைகளுக்கு வயது குறிப்பதில், முதுகெலும்பி விலங்குகளின் புதைபடிவங்கள் நெடுங்காலமாக முதன்மைச் சான்றாக இருந்துவருகின்றன. டிரையாசிக் காலம் ஏறத்தாழ 25.2 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி, 20.1 கோடி ஆண்டுகளுக்கு முன் முடிந்தது. தாமோதர், சோன், பிராணஹிதா–கோதாவரி ஆற்றுப் படுகைகளில் உள்ள கோண்டுவானா பாறைகளில் இக்கால விலங்குகளின் எலும்புகள் கிடைக்கின்றன. இவற்றைக் கொண்டு வயது கணிக்கும் முறை பல சிக்கல்களை உடையது.

தமிழ்நாட்டில் இத்தகைய பாறைகளை நேரில் காண இயலாது. கீழ்பென்னாத்தூர், திருவண்ணாமலை வட்டாரத்தின் கடினப் பாறைகள் விலங்குகள் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே உருவானவை.

பின்னணி

கடலடிப் பாறைகளுக்கு வயது குறிப்பது ஒப்பீட்டளவில் எளிது. அம்மோனைட்டு, கோனோடாண்டு ஆகிய கடல்வாழ் உயிரிகள் விரைவாக மாறின, பரந்து வாழ்ந்தன, ஏராளமாகப் புதைந்தன. இமாச்சலப் பிரதேசத்தின் ஸ்பிதி பள்ளத்தாக்கு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஆனால் கோண்டுவானா பாறைகள் ஆறுகளும் ஏரிகளும் படியவைத்தவை. அவற்றில் அம்மோனைட்டுகள் இல்லை. காலம் கணிக்க உதவும் எரிமலைச் சாம்பல் அடுக்குகளும் அரிது. எனவே, 'ஒரே விலங்கு கிடைக்கும் இரு பாறைகள் ஒரே காலத்தவை' என்ற கருதுகோளே பெரிதும் பின்பற்றப்பட்டது.

கோட்டா–மலேரி குழப்பம்

19ஆம் நூற்றாண்டில், நாகபுரியில் பணியாற்றிய சமயப் பணியாளர் ஸ்டீபன் ஹிஸ்லாப், இன்றைய தெலங்கானாவில் உள்ள மலேரியின் புதைபடிவங்களைச் சேகரித்தார். அங்கு செரடோடஸ் என்னும் நுரையீரல் மீனின் பற்களும் ஊர்வன எலும்புகளும் கிடைத்தன. பிராணஹிதா ஆற்றங்கரையில் உள்ள கோட்டாவிலோ வேறு வகை மீன்கள் கிடைத்தன. மலேரி விலங்குகள் டிரையாசிக் காலத்தையும், கோட்டா மீன்கள் அதற்கடுத்த ஜுராசிக் காலத்தையும் சுட்டின. இரண்டையும் 'கோட்டா–மலேரி' என ஒரே தொகுதியாகக் கொண்டதால் முரண்பாடு எழுந்தது.

களத்தில் அடுக்குகளின் வரிசையைக் கண்டறிந்த பிறகே இது தீர்ந்தது. கோட்டா பாறைகள் மலேரிக்கு மேலே உள்ளன. கொல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் பமீலா ராபின்சன் தொடங்கிவைத்த ஆய்வுகளின் தொடர்ச்சியாக, இரண்டுக்கும் இடையே தர்மாரம் என்ற தனித் தொகுதியும் பிரிக்கப்பட்டது. புதைபடிவம் எந்த அடுக்கில் கிடைத்தது என்ற பதிவு இல்லாவிடில் அதன் சான்று மதிப்பு குறையும் என்பதே இந்நிகழ்வு தரும் பாடம்.

முக்கியச் சிக்கல்கள்

1. பெயர்ச் சிக்கல். மலேரியில் கிடைத்த எலும்புகளுக்கு 1885இல் ரிச்சர்ட் லிடெக்கர் 'பாராசூக்கஸ் ஹிஸ்லோபி' எனப் பெயரிட்டார். அவர் ஒன்றாகக் கருதியவற்றில், ஹைபரோடாப்பெடான் என்ற முற்றிலும் வேறான விலங்கின் மண்டையோட்டுப் பகுதியும் கலந்திருந்தது பின்னர் தெரியவந்தது. 2003இல் பன்னாட்டு விலங்கியல் பெயரிடல் ஆணையம் வேறொரு முழுமையான மாதிரியை இப்பெயருக்குரியதாக ஏற்றது. பெயர் தவறானால், அதன் வழியே செய்யும் ஒப்பீடும் தவறாகும்.

2. பாலம் உடைதல். பாராசூக்கஸுக்கு மிக நெருங்கிய பேலியோரைனஸ் என்ற விலங்கு, ஆஸ்திரியாவின் கடற்பாறையிலும் கிடைத்ததாகக் கருதப்பட்டது. அப்பாறையின் வயது அம்மோனைட்டுகளால் அறியப்பட்டது. எனவே அதுவே நிலப் பாறைகளையும் கடற்பாறைகளையும் இணைக்கும் பாலமாக விளங்கியது. 2013இல் ரிச்சர்ட் பட்லர் அந்த மாதிரியை மறுஆய்வு செய்து, அது பேலியோரைனஸ் அன்று எனக் காட்டினார்.

3. நீண்ட வாழ்நாள். தாமோதர் படுகையின் பஞ்சேத் பாறைகளில் லிஸ்ட்ரோசாரஸ் கிடைக்கிறது. தென்னாப்பிரிக்கா, அண்டார்க்டிகா, சீனா ஆகிய இடங்களிலும் அது கிடைத்துள்ளது. இவ்விலங்கு டிரையாசிக் தொடக்கத்தின் அடையாளமாகக் கொள்ளப்பட்டது. ஆனால் இதன் சில இனங்கள் அதற்கு முந்தைய பெர்மியன் காலத்தின் இறுதியிலேயே வாழ்ந்தன. எனவே பேரினப் பெயர் மட்டும் போதாது. இனம் எதுவென்றும் அறிய வேண்டும்.

4. சங்கிலி ஒப்பீடு. கோதாவரிப் படுகையின் எர்ரப்பள்ளி பாறைகள், தென்னாப்பிரிக்காவின் சைனோக்னேத்தஸ் அடுக்குகளுடன் ஒப்பிட்டு நடு டிரையாசிக் எனக் கொள்ளப்பட்டன. 2014இல் அர்ஜென்டினாவில் சைனோக்னேத்தஸ் கிடைத்த பாறைத் தொகுதிக்குக் கதிரியக்க முறையில் ஏறத்தாழ 23.6 கோடி ஆண்டுகள் என வயது கிடைத்தது. இது எதிர்பார்த்ததைவிடப் பல பத்து இலட்சம் ஆண்டுகள் இளையது. தென்னாப்பிரிக்க அடுக்கின் வயது மாறினால் எர்ரப்பள்ளியின் வயதும் மாற நேரிடும். இவ்விவாதம் முடிவடையவில்லை.

5. சுழல்வாதம். ஒரு விலங்கு எல்லா இடங்களிலும் ஒரே சமயத்தில் வாழ்ந்தது எனக் கொண்டு பாறைக்கு வயது குறித்தால், அது எங்கு முதலில் தோன்றி எப்போது பரவியது என்ற கேள்விக்கு அதே வயதை விடையாகப் பயன்படுத்த முடியாது.

உலகளாவிய கால அளவுகோல்

1998இல் ஸ்பென்சர் லூகாஸ், நில முதுகெலும்பிகளைக் கொண்டே டிரையாசிக் காலத்தை 8 பிரிவுகளாக வகுத்தார். எமிலி ரேஃபீல்டும் சக ஆய்வாளர்களும் 2005இலும் 2009இலும் இம்முறையைச் சோதித்தனர். உலகளவில் நம்பத்தக்க குறிகாட்டி விலங்குகள் மிகச் சிலவே என்பது அவர்களது கருத்து. ஒரு வட்டாரத்துக்குள் இம்முறை நன்கு பயன்படலாம். கண்டம் விட்டுக் கண்டம் ஒப்பிடும்போது வலுவிழக்கிறது.

முக்கியத்துவம்

மலேரியின் கீழ்ப்பகுதியில் அல்வால்கேரியா என்ற தொன்மையான டைனோசர் கிடைத்துள்ளது. மேல்பகுதியில் நம்பாலியா, ஜக்லபள்ளிசாரஸ் ஆகியவை கிடைத்துள்ளன. இவை 2011இல் விவரிக்கப்பட்டன. ஒரே பெயருடைய பாறைத் தொகுதியிலேயே வெவ்வேறு காலத்து விலங்குக் கூட்டங்கள் உள்ளன. டைனோசர்கள் எப்போது தோன்றின, இந்தியாவுக்கு எப்போது வந்தன என்ற கேள்விகளுக்கான விடை இப்பாறைகளின் வயதைச் சார்ந்தது.

எனவே எலும்புகளுடன், மகரந்தத் துகள்கள், பாறைகளில் பதிந்த பழங்காலக் காந்தத் திசை, சிர்கான் படிகங்களின் கதிரியக்க வயது ஆகியவற்றையும் சேர்த்துப் பார்ப்பதே இன்று பொருத்தமான முறையாகக் கருதப்படுகிறது.