இரண்டு நாள் பொறும்மா!

பெண்ணின் கையில் லேப் ரிப்போர்ட். 'பீட்டா எச்.சி.ஜி.' என்று போட்டு, எதிரே 180. "இது நல்லதா டாக்டர்?"

"இப்பவே சொல்ல முடியாதும்மா. நாளை மறுநாள் வந்து இன்னொரு தடவை ரத்தம் குடுங்க."

அவ்வளவுதான், தூக்கம் போயே போச்சு! 'இவ்வளவு வளர்ந்த விஞ்ஞானத்துக்கு இதுக்கு ஒரு பதில் தெரியாதா?'

இந்தத் தவிப்பு ரொம்பப் பழசு. மூவாயிரம் வருடங்களுக்கும் முந்தைய எகிப்திய பாப்பிரஸ் சுவடி ஒன்று, பார்லி ஒரு பை, கோதுமை ஒரு பை வைத்துக்கொண்டு தினமும் அவற்றின் மேல் சிறுநீர் கழிக்கச் சொல்கிறது. முளைத்தால் குழந்தை உண்டு. பார்லி முளைத்தால் ஆண், கோதுமை என்றால் பெண். சிரிக்க வேண்டாம்! 1963-ல் கெய்ரோவில் இதைச் சோதித்தார்கள். கர்ப்பிணிகளின் சிறுநீர் சுமார் 70 சதவிகிதம் முளைக்கவைத்தது. ஆணா, பெண்ணா என்ற ஜோசியம் மட்டும் பலிக்கவில்லை.

அடுத்து பெர்லின், 1920-களின் கடைசி. ஆஷ்ஹைம், சோண்டெக் என்ற இரண்டு டாக்டர்கள், கர்ப்பிணியின் சிறுநீரில் ஒரு ஹார்மோன் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். அதைக் குட்டிச் சுண்டெலிகளுக்கு ஊசி போட்டு, சில நாள் கழித்து அவற்றை அறுத்துப் பார்ப்பார்கள். சினைப்பை முதிர்ந்திருந்தால் கர்ப்பம்! பிறகு, தென்னாப்பிரிக்கத் தவளை வந்தது. ஊசி போட்டால் ஒரு நாளைக்குள் முட்டையிடும். தவளை சாக வேண்டியதில்லை, திரும்பவும் உபயோகிக்கலாம். (இரண்டு டாக்டர்களும் யூதர்கள். ஹிட்லர் வந்ததும் ஜெர்மனியைவிட்டு வெளியேற வேண்டியதாயிற்று.)

எலியும் தவளையும் 'உண்டு' அல்லது 'இல்லை' என்று மட்டும்தான் சொல்லின. 1972-ல் அமெரிக்காவில் வைடுகைடிஸ், பிரான்ஸ்டைன், ராஸ் மூவரும் அந்த ஹார்மோனை மட்டும் ரத்தத்தில் பிரித்து அளக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். பதில் எண்ணாக மாறியது. சங்கடமும் அங்கேதான் ஆரம்பம்!

ஐந்தாவது வாரத்தில் 18-லிருந்து 7,340 வரை எதுவும் நார்மல் என்கிறது பரவலாகப் புழங்கும் ஓர் அட்டவணை. 180-ஐ வைத்துக்கொண்டு என்ன சொல்வது? ஏறுகிறதா என்றுதான் பார்க்க வேண்டும். எவ்வளவு ஏறணும்? 1981-ல், '48 மணி நேரத்தில் குறைந்தது 66 சதவிகிதம்' என்று விதி சொன்னார்கள். எத்தனை பேரைப் பார்த்து? வெறும் 20 பெண்களை! அந்தக் கணக்கின்படியே, நல்ல கர்ப்பங்களில் நூற்றுக்குப் பதினைந்து அந்தக் கோட்டுக்குக் கீழேதான் இருக்கும். 2004-ல் 287 பெண்களை ஆராய்ந்தபோது கோடு 53-க்கு இறங்கியது. பிற்பாடு, ஆரம்ப அளவு 1,500-க்குக் கீழே இருந்தால் 49 போதும் என்றார்கள்.

யோசித்துப் பாருங்கள். 55 சதவிகிதம் ஏறியதற்கு, பழைய விதியை நம்பி 'தங்காதும்மா' என்று யாராவது அவசரப்பட்டுக் கைகழுவியிருந்தால்?

எதிர்ப்பக்கமும் உண்டு. கருக்குழாயில் தங்கிய கருவிலும் சில சமயம் எண் சமர்த்தாக ஏறும். அதனால் கடைசி வார்த்தை ஸ்கேனுடையது. நடுவில் கடுமையான வயிற்றுவலி, மயக்கம், ரத்தப்போக்கு என்றால் 48 மணி நேரமெல்லாம் எண்ணிக்கொண்டிருக்கக் கூடாது. உடனே ஆஸ்பத்திரி!

மற்றபடி, 'இரண்டு நாள் பொறும்மா' என்கிற டாக்டர் தட்டிக்கழிக்கவில்லை. ஒரு எண் வெறும் புள்ளி. கோடு போட இன்னொன்று வேண்டும். கோதுமைப் பையை தினமும் எட்டிப் பார்த்த எகிப்துக்காரிக்கும் அதே கதைதான். அவளையும் யாரும் இரவோடு இரவாக முளைக்கவைக்கச் சொல்லவில்லை!